நடுவில் வெட்டிய வாக்கியம்

ஹூரியா: ...இருமலா? எங்க ஏடன் டிவியில அவர் இருமவே இல்லயேடி.

தக்கியா: இருமினாரு அக்கா. தண்ணி வாங்கிக் குடிச்சாரு. குடிச்சுட்டுத் திரும்பவும் இருமினாரு.

ஹூரியா: அப்ப வெளிநாட்டுலேருந்து வர்ற சேனல் சொல்றது நிஜம்தானா? அவங்க பேச்சை விட்டுட்டு இருமலை மட்டும் காட்டறாங்க. பக்கத்துல ஒரு டாக்டரை உக்கார வெச்சு, ஷேக் மிஸ்ஃபருக்கு நுரையீரல்ல என்ன, இன்னும் எத்தனை மாசம் தாங்குவாரு, அவருக்கு அப்புறம் கிளர்ச்சிக்கு யார் தலைவருன்னு... ஒரு மணி நேரமா இதே பேச்சு.

தக்கியா: அட போக்கா. அது புழுதி. அந்த ஆத்துப் படுகையில மத்தியானக் காத்து அடிச்சா ஒட்டகமே இருமும்.

ஹூரியா: உனக்கெப்படித் தெரியும், புழுதின்னு?

தக்கியா: ...போய்ட்டு வந்தவங்க சொன்னாங்க. இங்கேருந்து நிறையப் பேர் போனாங்களே, சமாதானக் கூடாரத்துக்கு.

ஹூரியா: ம். சரி, உங்க மலை சேனல்ல என்ன போட்டாங்க?

தக்கியா: முதல்ல மேளம். அப்புறம் பாட்டு. அப்புறம் ஒரு ஆள் தொண்டை கிழிய, 'தலைவரின் எச்சரிக்கை'ன்னான். அப்புறம் ஷேக் வந்தாரு. 'வந்து எங்க துப்பாக்கியை எடுத்துக்குவோம்'... அவ்வளவுதான். வாயை மூடிக்கிட்டாரு. மறுபடி மேளம்.

ஹூரியா: அதுக்கு முன்னாடி பேசினது?

தக்கியா: காட்டலை. அந்த ஒரு வரியையே திருப்பித் திருப்பி. நம்ம வீட்டுக் கோழிக்குக்கூட மனப்பாடம் ஆயிருக்கும்.

ஹூரியா: எங்க சேனல்ல அவர் துப்பாக்கியை எடுக்கவே இல்ல. கொடுத்துட்டாரு. 'எங்க துப்பாக்கிகளைக் கொடுத்தோம்'... அதோட வாயை மூடிக்கிட்டாரு. கீழ சிவப்புப் பட்டையில 'சரண்'. நம்ம அம்மா கண்ணாடி இல்லாமப் படிக்கலாம், அவ்வளவு பெரிய எழுத்து.

தக்கியா: சரணா.

ஹூரியா: சரண்தான்.

தக்கியா: ஒரு ஆடு. அறுத்து, ஆளுக்கொரு தொடையைத் தூக்கிட்டு ஓடிட்டாங்க. நடுவுல இருக்கறது யாருக்கும் வேண்டாம்.

ஹூரியா: பாயில துப்பாக்கியெல்லாம் பரப்பி வெச்சிருந்ததைக் காட்டினாங்க. செய்தி வாசிக்கறவ சிரிச்சுட்டா.

தக்கியா: எதுக்கு?

ஹூரியா: ...ஏதோ ஒரு துப்பாக்கியில பூத் தெச்ச துணிப்பட்டை கட்டியிருந்துச்சாம். கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி.

தக்கியா: ...

ஹூரியா: தக்கியா? லைன்ல இருக்கியா?

தக்கியா: இருக்கேன், இருக்கேன். மாடிக்கு வந்தேன், இங்கேதான் சிக்னல் கிடைக்கும். என்ன சொன்னே, சிரிச்சாளா? சிரிக்கட்டும். அவ உதட்டுச் சாயத்துக்கு நாங்க சிரிக்கலையா.

ஹூரியா: முஜல்லி இருக்கானா பக்கத்துல? உன் மகன் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு.

தக்கியா: பையனா... காத் இலைத் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போயிருக்கான்.

ஹூரியா: இந்த வெயில்லயா?

தக்கியா: மோட்டார் முறை இப்பத்தானே வந்துச்சு. நாம கேக்கற நேரத்துக்கா விடறாங்க. உன் பிள்ளையைப் பத்திக் கேக்கலையே நீ. அதுக்குத்தானே கூப்பிட்டிருப்பே.

ஹூரியா: ...நிப்ராஸைப் பாத்தியா?

தக்கியா: நேத்து பாத்தேன். அஸீத் களி கிண்டி, குழம்பு ஊத்தி எடுத்துட்டுப் போனேன். பள்ளிக்கூடத்து வாசல்ல காவல் இருக்கற பையன் நம்ம ஊர்தான், உள்ள விட்டுட்டான். கைதிங்க எல்லாரும் கரும்பலகைக்குக் கீழ வரிசையா உக்காந்திருக்காங்க, வாத்தியார் வரப்போற மாதிரி. இவன் ஒரு வாய் போட்டுட்டு என்ன சொன்னான் தெரியுமா? 'சித்தி, உப்பு கம்மி.'

ஹூரியா: கைதியா இருந்துகிட்டு உப்பு கம்மியாமா? நல்லா வளத்திருக்கேன் போ.

தக்கியா: சட்டியை வழிச்சுத்தான் கொடுத்தான். இளைச்சிருக்கான், அவ்வளவுதான். கால் புண்ணு ஆறிடுச்சு. வியாழக்கிழமை கைதிகளை மாத்திக்கறப்ப நீயே பாப்பே.

ஹூரியா: வியாழக்கிழமை நடக்கும்னு நினைக்கறே?

தக்கியா: ஏன் நடக்காது? ரெண்டு பக்கமும் பேரெல்லாம் பேசி முடிச்சாச்சே.

ஹூரியா: கீழ் வீட்டுல கேப்டன் பொண்டாட்டி மிட்டாய்த் தட்டோட வந்தா. 'அவங்கதான் சரணடைஞ்சுட்டாங்களே, இனிமே எதுக்குக் கைதிக்குக் கைதி மாத்தணும், நம்ம ஆளுங்க நேரா மேல ஏறிப் போய் உங்க பையனைக் கூட்டிட்டு வந்துடுவாங்க'ன்னா. நல்லதுதான் நினைச்சுச் சொல்றா. நான் மிட்டாயைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன்.

தக்கியா: மேல ஏறுவாங்களாமா?

ஹூரியா: அவ புருஷனுக்கு லீவு ரத்தாயிடுச்சாம். சாயங்காலச் செய்தியிலயும் இதையே போட்டாங்கன்னா, ராத்திரி மந்திரிங்க உக்காந்து முடிவெடுப்பாங்களாம். ஊரே கடைத்தெருவுல ஆடுது. ஆடற ஊர்கிட்டப் போய் எந்த மந்திரி 'பொறுங்க'ன்னு சொல்லுவான்?

தக்கியா: அக்கா... ஒண்ணு சொல்லட்டுமா? வேண்டாம், விடு.

ஹூரியா: சொல்லு.

தக்கியா: போன தடவை பட்டாளம் மேல ஏறினப்ப, பள்ளிக்கூடத்துல இருந்தவங்களை ராத்திரியோட மலைக்கு அந்தப் பக்கம் ஓட்டிட்டுப் போனாங்க. சங்கிலியோட. திரும்பி வந்தவங்க கொஞ்சம் பேர்தான்.

ஹூரியா: ...தெரியும். தெரிஞ்சதாலதான், நீ அதைச் சொல்லிடக் கூடாதேன்னு இருந்தேன்.

தக்கியா: அத்தான்கிட்டச் சொல்லு. ஏடன் டிவிக்குச் செய்தி எழுதறவர் வீட்டுலயே இருக்காரே.

ஹூரியா: மதியச் செய்தி முடிச்சுட்டு வந்து தூங்கறாரு. சாயங்காலச் செய்திக்குப் போகணும். இரு... எழுந்துட்டார் போல. இருமறாரு. இவருக்கு எந்த டாக்டரைக் கூப்பிடறது?

ருஷ்தி: ஹூரியா, இஸ்திரி போட்ட சட்டை எங்கே? யார்கிட்டப் பேசறே?

ஹூரியா: தக்கியா. மலையிலேருந்து.

ருஷ்தி: ஸ்பீக்கர்ல போடு. தக்கியாம்மா, நல்லா இருக்கியா? முஜல்லி நல்லா இருக்கானா?

தக்கியா: நல்லா இருக்கோம் அத்தான். தூக்கத்தைக் கெடுத்துட்டேனா?

ருஷ்தி: இல்லம்மா. உங்க ஷேக் கடைசியில வழிக்கு வந்துட்டார் பாத்தியா.

ஹூரியா: 'சரண்'னு போட்டது யாருங்க?

ருஷ்தி: எது?

ஹூரியா: சிவப்புப் பட்டையில.

ருஷ்தி: ஆபீஸ்ல போட்டது.

ஹூரியா: ஆபீஸ்ல யாரு?

ருஷ்தி: யாரோ. டீ இருக்கா?

ஹூரியா: மதியச் செய்தி எழுதினது நீங்கதானே. அந்த வார்த்தை உங்க வார்த்தையா, இல்லையா?

ருஷ்தி: ...பட்டையில ஒரு வார்த்தைக்குத்தான் இடம். நீளமா எழுதினா ஓடிக்கிட்டே இருக்கும், ஜனங்க படிக்க மாட்டாங்க. அவர் 'ஸல்லம்னா'ன்னு சொன்னாரா, இல்லையா? நாங்க பொய் போடலை. அவர் வாயில வந்த வார்த்தை. எந்த அகராதியை வேணா எடுத்துப் பாரு, ஸல்லம்னான்னா சரணடைஞ்சோம்.

தக்கியா: அத்தான், பால்காரன்கிட்டப் பாத்திரத்தைக் கொடுத்தாலும் ஸல்லம்னாதான். சாவியைப் பக்கத்து வீட்டுல கொடுத்தாலும் ஸல்லம்னாதான். பால்காரன்கிட்ட நாங்க சரணடைஞ்சிருக்கோமா?

ருஷ்தி: துப்பாக்கியைக் கொடுக்கறதும் பாத்திரத்தைக் கொடுக்கறதும் ஒண்ணாம்மா? சண்டை போட்டுட்டு இருந்தவன் துப்பாக்கியைக் கொடுத்தா அதுக்கு வேற என்ன பேரு?

ஹூரியா: யார்கிட்டக் கொடுத்தாரு? உங்க ஜெனரல்கிட்டயா?

ருஷ்தி: இல்ல. அந்த மத்தியஸ்தர்கிட்ட. ஷேக் அப்தான்கிட்ட.

ஹூரியா: உங்க வாட்ச் எங்கே?

ருஷ்தி: என்ன?

ஹூரியா: கையில கட்டியிருக்கீங்களே, அந்த வாட்ச். உங்கப்பா வாங்கிக் கொடுத்தது. எப்பவாவது அதை நீங்க கழட்டி வேற ஒருத்தர்கிட்டக் கொடுத்தது உண்டா?

ருஷ்தி: இப்ப எதுக்கு அது...

தக்கியா: ஐயோ, கல்யாணத்தன்னிக்கு. எனக்கு ஞாபகம் இருக்கு அத்தான். நான் அப்ப சின்னப் பொண்ணு.

ருஷ்தி: அந்தக் கதையை இன்னுமா பேசறீங்க? நான் என்ன வேணும்னா செஞ்சேன்? காரைப் பின்னால எடுத்தேன், யாரோ ஒருத்தரோட ஆடு...

ஹூரியா: எங்க பெரியப்பாவோட சினை ஆடு. கல்யாண மாப்பிள்ளைன்னுகூடப் பாக்காம எங்க ஆளுங்க உங்களைச் சுத்திட்டாங்க. அப்ப மத்தியஸ்தத்துக்கு ஒரு பெரியவர் வந்தாரு. 'உன் துப்பாக்கியை வை'ன்னாரு. உங்ககிட்டத் துப்பாக்கி ஏது?

தக்கியா: மாப்பிள்ளை முழிச்ச முழி.

ஹூரியா: வாட்சைக் கழட்டி அவர் கையில வெச்சீங்க. வெச்ச உடனே என்ன ஆச்சு?

ருஷ்தி: ...எல்லாரும் உக்காந்தாங்க. சாப்பாடு வந்துச்சு.

ஹூரியா: அப்புறம்?

ருஷ்தி: ஒரு ஆட்டுக்கு ரெண்டு ஆடுன்னு சொன்னாரு. எங்கப்பா கொடுத்தாரு. அப்புறம் நான் போய் வாட்சைத் திருப்பி வாங்கிட்டேன்.

ஹூரியா: அன்னிக்கு நீங்க சரணடைஞ்சீங்களா?

தக்கியா: அத்தான், எங்க பக்கத்துல அதுதான். துப்பாக்கியை மத்தியஸ்தர்கிட்ட வெச்சா, 'நீ சொல்ற தீர்ப்புக்குக் கட்டுப்படறேன், என் மானம் உன் கையில இருக்கு'ன்னு அர்த்தம். தீர்ப்பு வந்த அன்னிக்குப் போய் அவங்கவங்க துப்பாக்கியை அவங்கவங்க எடுத்துக்கணும். எடுக்காம விட்டா மத்தியஸ்தருக்கு அவமானம்.

ருஷ்தி: அப்ப உங்க சேனல்ல 'வந்து எடுத்துக்குவோம்'னு போட்டாங்களே... அது மிரட்டல் இல்லயா?

தக்கியா: நீங்க முன்னாடியை எடுத்துக்கிட்டீங்க, அவங்க பின்னாடியை எடுத்துக்கிட்டாங்க. ரெண்டும் ஒரே பேச்சுதான் அத்தான்.

ருஷ்தி: முழுசா என்ன சொன்னாரு? உனக்குத் தெரியுமா?

தக்கியா: 'எங்க துப்பாக்கிகளைக் கொடுத்தோம். ரத்தத்துக்கு ரத்தம் கேக்க உரிமை இருக்கற வீடுகளோட துப்பாக்கி இது. அந்த வீடுகள் கேக்கறதை நிறுத்திக்கிச்சு. எங்ககிட்ட இருக்கற பிள்ளைங்க அவங்கவங்க அம்மாகிட்டப் போகலாம். நீங்க தீர்ப்பு சொல்லுங்க. சொன்ன அன்னிக்கு வந்து எங்க துப்பாக்கியை எடுத்துக்குவோம்.' இவ்வளவுதான்.

ருஷ்தி: ரத்தம் கேக்க உரிமை இருக்கற வீடுன்னா?

ஹூரியா: சண்டையில பிள்ளையைப் பறிகொடுத்த வீடு. கொன்ன பக்கத்து ஆள் ஒருத்தன் கையில கிடைச்சா, அவன் உயிரைக் கேக்கலாம். பெத்தவங்க வேண்டாம்னு சொல்ற வரைக்கும் எந்தத் தலைவரும் கைதியை விட முடியாது.

ருஷ்தி: அப்படின்னா... நிப்ராஸை?

ஹூரியா: நிப்ராஸையும்தான். யாரோ வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. அதைத்தான் நீங்க வெட்டிட்டீங்க.

ருஷ்தி: நான் வெட்டலை.

ஹூரியா: வேற யாரு?

ருஷ்தி: ...டேப்புல காத்துச் சத்தம். பாதி கேக்கலை. முதல் வரி தெளிவா இருந்துச்சு. போட்டுட்டேன்.

ஹூரியா: ஏங்க. கேக்கலைன்னா திரும்பப் போட்டுக் கேக்கறவர் நீங்க. ஒரு கால்புள்ளிக்காகச் சண்டை போடறவர். உள்ள இருக்கறது உங்க பிள்ளை.

ருஷ்தி: அதனாலதான்.

ஹூரியா: என்ன அதனாலதான்?

ருஷ்தி: நிப்ராஸ் பிடிபட்ட நாள்லேருந்து ஆபீஸ்ல நான் எழுதற ஒவ்வொரு வரியையும் ரெண்டு பேர் படிக்கறாங்க. கொஞ்சம் மெதுவா எழுதினா, 'பாவம், மகன் அங்கே இருக்கான்'ங்கறாங்க. பாவம்ங்கறதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். இன்னிக்கு மேலாளர் பின்னால வந்து நின்னாரு. 'ருஷ்தி, உன்னால இதை எழுத முடியுமா, வேற ஆளைப் போடட்டுமா'ன்னாரு. எழுத முடியும்னு காட்டறதுக்கு... எழுதிட்டேன். இருக்கறதுலயே கெட்டியான வார்த்தையைத் தேடிப் போட்டேன். அவர் தோள்ல தட்டிக் கொடுத்தாரு.

ஹூரியா: ...டீ ஆறுது, குடிங்க.

தக்கியா: அத்தான், மனசை விட்டுடாதீங்க. எங்க சேனல்காரன் உங்களுக்கு மேல. எங்க சேனல்ல யாரும் சாகறதே இல்ல. ரத்தம் கொடுத்த வீடுன்னு ஷேக்கே சொன்னாலும் வெட்டிடுவான். செத்தவங்க கணக்கு வெளிய தெரிஞ்சுடக் கூடாதாம். வீட்டுல சத்தம் போட்டு அழக்கூடாதுன்னு வந்து சொல்லிட்டுப் போறாங்க.

ஹூரியா: யார் வீட்டுல?

தக்கியா: ...பொதுவா சொன்னேன் அக்கா.

ருஷ்தி: தக்கியாம்மா, இதெல்லாம் அந்த டேப்புல நிஜமாவே இருக்கா? என் மச்சினி சொன்னான்னு நான் செய்தியில போட முடியாது. நீ யார்கிட்டக் கேட்டே?

தக்கியா: பக்கத்து வீட்டு ஹமீத் போய்ட்டு வந்தான். கேமராவுக்கு நேரா நின்னுதான் ஷேக் பேசினாராம், டேப்புல கட்டாயம் இருக்கும். இருமிட்டு, தண்ணி குடிச்சுட்டு, அப்புறம்தான் அந்த ரத்தம்ங்கற வார்த்தையைச் சொன்னாரு. அந்த நேரம் காத்துகூட நின்னுடுச்சு. பாய் வேற தகதகன்னு... செருப்பைக் கழட்டிட்டுக் கால் வைக்க முடியல.

ருஷ்தி: நீ போயிருந்தியா?

தக்கியா: ...ஹமீத் சொன்னான். அவன் காலு.

ருஷ்தி: ம். தண்ணி குடிக்கற இடம்... ஆமா, இருக்கு. அதுக்கப்புறம் நான் சத்தத்தைக் குறைச்சுட்டுப் படத்தை மட்டும் பாத்தேன். ஒவ்வொரு ஆளா வந்து துப்பாக்கியை வெக்கறாங்க. இப்பத்தான் புரியுது. ஒரு பொம்பளைகூட வந்தா.

ஹூரியா: பொம்பளையா?

ருஷ்தி: ஆமா, கறுப்புத் துணி போத்திக்கிட்டு. துப்பாக்கியைக் குழந்தையைப் படுக்க வெக்கற மாதிரி மெதுவா வெச்சுட்டுப் போனா. அதை வெட்டச் சொன்னது நான்தான். சரண்ங்கற தலைப்புக்குக் கீழ ஒரு பொம்பளை வந்து துப்பாக்கி வெச்சா நல்லா இருக்காதே. பாக்கறவங்களுக்குக் குழப்பமா இருக்கும்.

ஹூரியா: முகம் தெரிஞ்சுதா?

ருஷ்தி: மூடியிருந்தா. ஏன், உங்க ஊர்ல பொம்பளைங்களும் வெப்பாங்களா?

ஹூரியா: வெக்க மாட்டாங்க. வீட்டு ஆம்பளைதான் வெக்கணும். வீட்டுல ஆம்பளையே இல்லேன்னா மட்டும்தான்.

ருஷ்தி: தக்கியாம்மா, தீர்ப்பு வந்ததும் எல்லாரும் திருப்பி எடுத்துப்பாங்கன்னு சொன்னியே. அப்ப அந்தப் பொம்பளை?

தக்கியா: எடுக்க ஆள் இருக்கறவங்க எடுப்பாங்க அத்தான். இல்லாதவங்க துப்பாக்கி அங்கேயே கிடக்கும். கிடந்துட்டுப் போகட்டும்.

ருஷ்தி: பாவம். நான் ஒண்ணு கேக்கறேன். ஒருத்தரோட பேச்சை முழுசாப் போட்டா ஜனங்க முழுசாக் கேப்பாங்கன்னு நினைக்கறியா? இத்தனை வருஷமா இந்த வேலையில இருக்கேன். நாங்க வெட்டறதுக்கு முன்னாடியே அவங்க மனசுல வெட்டித்தான் கேக்கறாங்க.

தக்கியா: இருக்கலாம். ஆனா வெட்டாதது ஒண்ணு எங்கேயாவது இருக்கணும்ல. என்னிக்காவது ஒருத்தர் தேடிட்டு வந்தா எடுத்துக் கொடுக்கறதுக்கு.

ஹூரியா: என்னங்க, உக்காந்துட்டீங்க? சட்டையைப் போடுங்க. ஆபீஸ்ல இப்ப யார் இருப்பாங்க?

ருஷ்தி: யாரும் இருக்க மாட்டாங்க. எல்லாரும் காத் இலை மெல்லற நேரம். மேலாளர் மத்தியானம் சாஞ்சு உக்காந்தாருன்னா, கன்னம் உப்பி, கண்ணு சொருகி, பொழுது சாஞ்சு, மஃரிப் தொழுகைக்கு அப்புறம்தான் எழுந்திருப்பாரு. அவர் எழுந்து முகம் கழுவறதுக்குள்ள சாயங்காலச் செய்தி போயிடும்.

ஹூரியா: அப்ப போங்க.

ருஷ்தி: போனா நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. வேலை போறது மட்டும்னா பரவாயில்ல.

ஹூரியா: தெரியும்.

ருஷ்தி: தெரிஞ்சுதான் சொல்றியா?

ஹூரியா: யாரோ ஒரு வீட்டுல பிள்ளையைக் கொடுத்துட்டு, நம்ம பிள்ளையை விட்டுடுங்கன்னு துப்பாக்கியைக் கொண்டு வந்து வெச்சிருக்காங்க. உங்க செய்திக்காரி அதைப் பாத்துச் சிரிச்சா. நீங்க வேலைக்குப் பயப்படறீங்க.

ருஷ்தி: ...முழுப் பேச்சையும் போடறேன். இருமலோட. காத்துச் சத்தமா இருந்தா, கீழ எழுத்துல போடறேன். அந்தப் பொம்பளை வெக்கறதையும் சேக்கறேன். 'சரண்' வேண்டாம். பட்டையில என்ன போடறது? ஒரு வார்த்தைக்குத்தான் இடம்.

தக்கியா: 'கொடுத்தோம்'னு போடுங்க அத்தான். அவர் சொன்னது அதுதானே.

ருஷ்தி: கொடுத்தோம். ...சரி. செருப்பு எங்கே? தக்கியாம்மா, வரேன். முஜல்லி தோட்டத்துலேருந்து வந்தா, பெரியப்பா கேட்டாருன்னு சொல்லு.

தக்கியா: சொல்றேன் அத்தான். பத்திரமாப் போங்க.

ஹூரியா: ஒரு நிமிஷம் இருடி. கதவைச் சாத்திட்டு வரேன்.

தக்கியா: போய்ட்டாரா?

ஹூரியா: போய்ட்டாரு. தெருவுல மிட்டாய் கொடுக்கறவன் கையைப் பிடிச்சு இழுக்கறான், இவர் உதறிட்டுப் போறாரு. இவர் இப்படி நடந்து நான் பாத்ததே இல்ல.

தக்கியா: செஞ்சுடுவாருன்னு நினைக்கறியா?

ஹூரியா: செய்வாரு. பயந்தவர்தான். ஆனா வாட்ச் கதையை ஞாபகப்படுத்திட்டோமே, இனிமே அந்த 'சரண்'ங்கற வார்த்தையை அவரால எழுத முடியாது. எழுத்துக்காரனுக்கு அது ஒரு வியாதி.

தக்கியா: அப்ப வியாழக்கிழமை நடக்கும் அக்கா. நீ வேணா பாரு. இன்ஷா அல்லாஹ், நிப்ராஸ் வந்துடுவான். வந்ததும் உப்பு தூக்கலா போட்டு ஆக்கிப் போடு.

ஹூரியா: தக்கியா.

தக்கியா: ம்.

ஹூரியா: ...ஒண்ணுமில்ல. வெயில் இறங்கிடுச்சா அங்கே?

தக்கியா: இறங்கிடுச்சு. இனி ஆடு எல்லாம் வந்துடும். நான் வெக்கட்டுமா? சார்ஜும் போயிட்டிருக்கு.

ஹூரியா: தண்ணி பாய்ச்சப் போனவன் வந்துட்டானா?

தக்கியா: வர நேரம்தான். வந்ததும் உன்கிட்டப் பேசச் சொல்றேன். நாளைக்கு... நாளைக்குப் பேசச் சொல்றேன்.

ஹூரியா: அவன் நோன்பு முழுசாப் பிடிச்ச முதல் வருஷம், ஈதுப் பெருநாளுக்கு என்கிட்ட ஒண்ணு கேட்டான், உனக்கு ஞாபகம் இருக்கா?

தக்கியா: என்ன கேட்டான்... எவ்வளவோ கேப்பான்.

ஹூரியா: அவங்கப்பா விட்டுட்டுப் போன துப்பாக்கிக்குப் பட்டை. 'பெரியம்மா, பூப் போட்டுத் தெச்சுக் கொடு'ன்னான். துப்பாக்கிக்கு எவன்டா பூப் போடுவான்னு சிரிச்சேன். அப்புறம் உக்காந்து நீலத்துல பூவாத் தெச்சுக் கொடுத்தேன்.

தக்கியா: ...அக்கா.

ஹூரியா: கடைசிப் பூவுக்கு நூல் பத்தலை. பச்சையை எடுத்துப் போட்டு முடிச்சுட்டேன். அவன் கண்டுபிடிச்சு, 'இது மட்டும் ஏன் பச்சை'ன்னு சண்டை போட்டான்.

தக்கியா: ...அக்கா, வேண்டாம்.

ஹூரியா: மத்தியானச் செய்தியில அந்தப் பட்டை பாயில கிடந்துச்சுடி, பச்சைப் பூ மேல தெரியற மாதிரி. அதைப் பாத்துட்டுத்தான் உனக்குப் போன் பண்ணினேன். பண்ணிட்டு... இவ்வளவு நேரம் என் பிள்ளையைப் பத்தியே பேசிட்டிருந்தேன்.